சின்னம்மாவும் மாற்றாந்தாயும்

வடமராட்சியிலிருந்து ஒரு மாணவி சென்ற வாரம் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். சொல்லின் பொருள் கேட்டு வருங் கடிதங்கள் எமக்குப் புதியனவல்ல. அகராதியைப் புரட்டி நான்கு வரியில் விடை எழுதி அன்றைய அஞ்சலிலேயே சேர்த்துவிடுவது வழக்கம். இக்கடிதத்தை வாசித்து முடித்தபின் அகராதியை எடுக்கக் கை உடனே நீளவில்லை.

அம்மாணவியின் தந்தையார் அண்மையிற் காலமானார். அவர் இருமுறை மணஞ்செய்தவர். முதல் மனைவியார் இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டு இளவயதில் இறந்துவிட, இரண்டாவதாக வந்தவரே இம்மாணவியின் தாயார். அவருக்கு மூன்று பிள்ளைகள். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதுகையில், தாயார் ஐந்து பெயரையும் வயது வரிசையில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், அது முறையன்று என்று கூறி, முதல் இருவரையும் பிரித்து, 'முதற்தாரத்துப் பிள்ளைகள்' என்று வேறு வரியில் இட்டார். அப்படியே அச்சாயிற்று. மூத்த தமையனார் அதைப் பார்த்து ஒன்றும் பேசவில்லையாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய் நெடுநேரம் நின்றாராம்.

இப்பொழுது அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். மாணவி கேட்கிறார்: "பேசத் தொடங்கிய நாள் முதல் அவரை அண்ணா என்றே அழைத்து வருகிறேன். எழுத்தில் அவர் எனக்கு என்ன முறை? அரைச் சகோதரரா, மாற்றுச் சகோதரரா, சகோதரரா? எது சரியான தமிழ்?"

கடைசியிற் கேட்ட கேள்விக்கு விடை கூறுவது எளிது. ஆயினும் இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்பதைச் சிறிது பார்த்துவிட்டு விடைக்கு வருவோம்.

'அரைச் சகோதரர்' என்பது தமிழ்ச் சொல்லே அன்று. ஆங்கிலத்தில் 'ஆஃப்-பிரதர்' என்று இருப்பதை வகுப்பறையில் அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். எமது பேச்சில் மனிதரை அரை, கால் என்று அளக்கும் வழக்கம் இல்லை. ஆங்கிலத்தில் இன்னுமொரு சொல் உண்டு: 'ஸ்டெப்-மதர்', 'ஸ்டெப்-பிரதர்' என்பதில் வரும் 'ஸ்டெப்'. இதைப் படி என்று பொருள்கொண்டு, ஒரு படி இறங்கிய தாய் என மாணவர்கள் விளங்கிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். படிக்கட்டுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது 'ஸ்தேயொப்' என வழங்கியது. இழத்தல், பறிகொடுத்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது. 'ஸ்தேயொப்' என்பதோடு பிள்ளை என்னும் சொல்லைச் சேர்த்தால், அக்காலத்தில் அதன் பொருள் அநாதைப் பிள்ளை என்பதாகும். ஜேர்மனியரும் ஒல்லாந்தரும் 'ஸ்டீஃப்' என்று வழங்குவதும் இதன் இனமே.

ஆகவே அந்த அடைமொழி முதலிற் பிள்ளையைக் குறித்தது: இழந்த பிள்ளை. அப்பிள்ளைக்குத் தாயாக வந்தவள், இழந்த பிள்ளையின் தாய். பிள்ளையிடமிருந்து அடைமொழி தாய்க்கும் தந்தைக்கும் ஏறிற்று. இன்று இச்சொல்லைக் கேட்பவர் எவருக்கும் அந்த இழப்பு நினைவில் இல்லை. வந்தவளின் கடுமைதான் நினைவுக்கு வருகிறது. துயரத்தைக் குறிக்கப் பிறந்த சொல் குற்றத்தைக் குறிப்பதாக மாறிவிட்டது.

'சகோதரர்' என்னும் சொல்லை இனி நோக்குவோம். இது வடசொல்: சக, உதரம் என்பன சேர்ந்தது. உதரம் என்றால் வயிறு; ஒரு வயிற்றில் உடன் இருந்தவர் சகோதரர். கிரேக்கரும் இப்படியே நினைத்தார்கள். அவர்கள் மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் 'அதெல்பொஸ்' என்னுஞ் சொல்லுக்கும் ஒரே கருப்பையினன் என்பதுதான் பொருள். எம் தமிழிலுள்ள 'உடன்பிறந்தார்' பிறப்பைச் சொல்கிறதேயன்றி வயிற்றைச் சொல்லவில்லை.

சொற்பிறப்பைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டால், தந்தை ஒருவராகவும் தாயர் வேறாகவும் உள்ளவர்கள் சகோதரர் ஆகமாட்டார்கள். குந்தியின் வயிற்றிற் பிறந்த கர்ணன் தருமனுக்குச் சகோதரன். மாத்திரியின் மகன் நகுலன் சகோதரன் அல்லன் என்று முடியும். கதையோ நேர்மாறாக நடந்தது. நச்சுப் பொய்கைக் கரையில் நான்கு தம்பியரும் மாண்டு கிடக்க, ஒருவனை மாத்திரம் எழுப்பித் தருவதாக இயக்கன் சொன்னபோது, தருமன் வீமனைக் கேட்கவில்லை, அருச்சுனனைக் கேட்கவில்லை, நகுலனைக் கேட்டான். குந்திக்கு ஒரு மகன் நான் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்பது அவன் கூறிய காரணம். இவ்விடத்தை மாணவி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

உறவை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டவர்கள் உரோமர். தாயும் தந்தையும் ஒன்றானோருக்கு ஒரு பெயர், தந்தை மட்டும் ஒன்றானோருக்கு வேறொரு பெயர், தாய் மட்டும் ஒன்றானோருக்கு மற்றொரு பெயர் என மூன்று வைத்திருந்தார்கள். முதல் வகையினர் 'கெர்மானுஸ்' எனப்பட்டனர். ஒரே முளையிலிருந்து வந்தவர் என்று கருத்து. அச்சொல்லே ஸ்பானிய மொழியில் 'எர்மானோ' எனத் திரிந்து இன்று அண்ணன் தம்பி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. முழு உறவினருக்கு மாத்திரம் என்று வேலி கட்டி வைத்த சொல், மக்களின் வாயில் அகப்பட்டு வேலியை இழந்தது.

உரோமர் இத்தனை நுட்பம் பார்த்ததற்குக் காரணம் சொத்து. உரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தில் ஒரு பழைய உரை உண்டு. பெற்றோரும் மனைவி மக்களும் இல்லாது ஒருவன் இறந்தால், அவன் சொத்தை இரண்டாகப் பிரித்துத் தந்தை வழிக்கு ஒரு பாதி, தாய் வழிக்கு ஒரு பாதி என வைப்பார்கள். முழு உடன்பிறப்பு இரண்டு பக்கத்துக்கும் உரியவனாதலால் இரு கையாலும் வாங்குவான். ஒரு பெற்றோர் வழியில் மட்டும் உறவானவன் ஒரு கையால் வாங்குவான். சட்டம் அறியாதவருக்கும் மனத்திற் பதியும் உவமை இது. அரை என்றது மனிதனை அன்று; பங்கு வாங்க நீளும் கைகளை எண்ணிய கணக்கு.

எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் இத்தகைய கணக்கு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை 1707இல் அதனை எழுத்தில் வடித்தார். ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகையில் ஒரு வகை மற்றொன்றோடு கலவாதபடி அது காவல் செய்கிறது. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், முதல் மனைவியின் பெற்றோர் உயிருடன் இருப்பின் பிள்ளைகளை அவர்கள் வளர்க்கும்படி கேட்டுக்கொள்வார்கள். அப்போது அவன், இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அவளோடு வாழ்ந்த காலத்திற் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு ஒப்படைக்க வேண்டும். தாயற்ற பிள்ளையின் பங்கை அடுத்து வருபவள் வீட்டுக்குள் கரையவிடாமற் காத்தது இவ்விதி. 'முதற்தாரத்துப் பிள்ளை', 'இளையதாரத்துப் பிள்ளை' என்னும் தொடர்கள் இங்கேதான் தேவைப்பட்டன. அவை பகைச் சொற்கள் அல்ல. காணி உறுதிக்குரிய சொற்கள்.

இதனை நாம் எமது வீட்டிலேயே கற்றோம். எமக்குப் பதினான்கு வயதிருக்கும். தந்தையார் ஒருநாள் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய உறுதியை எடுத்து, எழுத்து மங்கியிருக்கிறது, நீ வாசி என்று தந்தார். நொத்தாரிசு எழுதிய அந்த நீண்ட வாக்கியத்தின் நடுவே, நாம் பெரியப்பு என்று அழைத்துவந்தவரின் பெயருக்கு முன்னால் 'முதற்தாரத்துப் புத்திரன்' என்று கிடந்தது. வாசிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையாரைப் பார்த்தோம். அவருக்கு எமது வியப்பே வியப்பாக இருந்தது. "ஓம், அவர் மூத்த தாரத்துப் பிள்ளைதான். உனக்கு இவ்வளவு நாளும் தெரியாதோ?" என்றார். யாரும் அதை மறைத்து வைக்கவில்லை. வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லாதபடியால் ஒருவரும் எடுத்துப் பேசவில்லை, அவ்வளவே. தந்தையார் அவரைப் 'பெரியண்ணை' என்றார்; நாம் 'பெரியப்பு' என்றோம். பேரனாரின் இரண்டு மணங்களும் பெட்டிக்குள் இருந்தன.

இனி மாற்றாந்தாய். மாற்று, ஆம், தாய் எனப் பிரியும். ஆம் என்பதன் மகரம் தகரத்தின் முன் நகரமாயிற்று. இரண்டாந்தாரம் என்பதிலும் இதே புணர்ச்சிதான். மாற்று என்றால் ஒன்றின் இடத்தில் வந்த மற்றொன்று. அவ்வளவில் நின்றிருந்தால் இச்சொல்லில் யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் அதற்கு அமைந்த சுற்றத்தைப் பாருங்கள்: மாறு என்னும் அதே அடியிலிருந்து பிறந்த மாற்றான் என்பவன் பகைவன், மாற்றாள் என்பவள் சக்களத்தி. பகைவனுக்கும் சக்களத்திக்கும் நடுவே குடியிருக்கும் சொல்லுக்கு எப்படி நல்ல பெயர் வரும்? வடமொழியில் இன்னும் வெளிப்படை. சக்களத்தியைக் குறிக்கும் 'சபத்னீ' என்னும் சொல்லிலிருந்தே பகைவனைக் குறிக்கும் 'சபத்ந' என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டார்கள். ஆடவர் போர்க்களத்துப் பகைக்குப் பெயர் தேடியபோது, அது தம் வீட்டு அடுக்களையில் அகப்பட்டது போலும். அந்த நிலைமையை அங்கே உண்டாக்கி வைத்தவர் யார் என்பதைச் சொல் சொல்லவில்லை.

பிற மொழியினருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. பிரெஞ்சுக்காரர் முன்னாளில் மாற்றாந்தாயை 'மராத்ர்' என்றனர். தாயைக் குறிக்குஞ் சொல்லோடு இழிவைக் குறிக்கும் ஒரு விகுதி சேர்ந்து இலத்தீனில் உண்டான சொல்லின் வழித்தோன்றல் அது. நாளடைவில் அது கொடுமைக்காரி என்றே பொருள்படவும், அதைக் கைவிட்டு, 'பெல்-மேர்', அதாவது அழகிய தாய், என்னும் உபசார வழக்கை எடுத்துக்கொண்டார்கள். கணவனின் தாய்க்கும், மனைவியின் தாய்க்கும், தந்தையின் இரண்டாம் மனைவிக்கும் அங்கே இன்று அந்த ஒரே சொல். மாமியாரை அழகிய தாய் என்று அழைப்பதில் எத்தனை மருமகளுக்கு உடன்பாடு என்பதை நாம் ஆராயவில்லை.

தமிழ் வீடுகள் இவ்வளவு தூரம் போகவேண்டி இருக்கவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் 'சின்னம்மா' இருந்தது. செய்யுள் வழக்கிற் சிற்றன்னை, சிற்றவை என்பனவும் இதுவே. சின்னம்மா என்றால் தாயின் தங்கை, சிற்றப்பனின் மனைவி, தந்தை மறுமணஞ் செய்து கொண்டுவந்தவளும் சின்னம்மாதான். இம்மூவரும் ஒரே பெயரில் அடங்கியது எவ்வாறு? மனைவி இறந்தால் அவள் தங்கையையே மணஞ்செய்து வைக்கும் வழக்கம் எம்மிடையே இருந்தமை ஒரு காரணமாகலாம். அத்தகைய வீட்டில் பிள்ளை புதிய முறை எதையும் கற்க வேண்டியதில்லை. நேற்றுவரை படலையைத் திறந்துகொண்டு வந்து போன சின்னம்மா இன்று வீட்டிலேயே இருக்கிறாள். பிறகு அந்நியக் குடும்பத்திலிருந்து வந்தவளுக்கும் அதே பெயரைக் கொடுத்தார்கள். சிங்களத்திலும் மாற்றாந்தாய்க்குக் 'குடம்மா' என்றுதான் பெயர். அதுவும் சிறிய அம்மா என்பதே. தீவின் இரண்டு மொழிகளும் இவ்விடயத்தில் ஒரே விதமாக நினைத்திருக்கின்றன.

சின்னம்மா மறுபுறத்தில் நின்று பிள்ளையை என்னவென்று சொல்வாள்? தமக்கையின் பிள்ளையாயின், எம் நாட்டுத் தமிழில் அதற்கு அரியதொரு சொல் உண்டு: பெறாமகன், பெறாமகள். ஆணுக்குத் தமையன் தம்பியரின் பிள்ளைகளும், பெண்ணுக்குத் தமக்கை தங்கையரின் பிள்ளைகளும் பெறாமக்கள். பெறா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பெறாத மகன் என விரியும். பெறவில்லை என்னும் உண்மையை மறைக்காமல், அதே மூச்சில் மகன் என்று முடிக்கிறது. எதிர்மறை அடையில் நிற்க, உறவு பெயரில் நிற்கிறது. மரண அறிவித்தல்களில் இச்சொல்லை வாரந்தோறும் காண்கிறோம். காண்பதனாலேயே கவனியாது விடுகிறோம்.

தத்தெடுத்த பிள்ளைக்குரிய சொற்களையும் போகிற போக்கிற் சொல்லிவிடலாம். தத்து என்பது கொடுக்கப்பட்டது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. சுவீகாரம் என்றால் தனதாக்கிக்கொள்ளல். ஒரே பிள்ளை, கொடுத்த வீட்டு வாயிலில் ஒரு சொல்லாகவும் வாங்கிய வீட்டு வாயிலில் மற்றொரு சொல்லாகவும் இருக்கிறது.

வீட்டு வழக்கு இவ்வாறு பெருந்தன்மையோடு நடக்க, மாற்றாந்தாய் என்னும் சொல்லை இன்றும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர் யார் என்று பார்த்தால், எம்மைப் போன்ற பத்திரிகைக்காரரே. ஒரு பிரதேசத்துக்கு வீதி போடவில்லையா, ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் வரவில்லையா, உடனே 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று தலைப்பிடுகிறோம். மேடையில் பேசுவோருக்கும் இது வசதியான தொடர். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த ஒரு வழக்கைத் தமிழாக்கிக்கொண்டு, அதனைக் கேட்டு எத்தனை வீடுகளில் ஒரு பெண் தலைகுனிவாள் என்பதை எண்ணாமல் வழங்குகிறோம். தான் பெறாத இரு சிறுவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, காய்ச்சலில் இரவிரவாக விழித்திருந்த ஒருத்தி, காலையிற் பத்திரிகையை விரித்தால் அங்கே அநீதிக்குத் தன் பெயர் இருக்கக் காண்கிறாள். இப்பகுதியிலேயே முன்பொருமுறை நாமும் அத்தொடரை எழுதியிருக்கிறோம். இனி எழுதுவதாக இல்லை. பாரபட்சம் என்னுஞ் சொல் இருக்கிறது; ஓரவஞ்சனை என்பது அதனினும் நல்ல தமிழ்.

மாதவியை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. கோவலன் இறந்தபின் துறவு பூண்ட அவளிடம், மகளோடு மீண்டும் ஆடலுக்கு வருமாறு அழைக்கத் தோழி வருகிறாள். மாதவி மறுக்கிறாள். மறுக்கும்போது மணிமேகலையைத் தன் மகள் என்று அவள் சொல்லவில்லை; மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்கிறாள். கண்ணகி அக்குழந்தையைப் பெறவில்லை. தொட்டு வளர்க்கவும் இல்லை. பெற்றவள் தானே முன்வந்து, தன் பிள்ளைக்கு இன்னொரு தாயைச் சூட்டுகிறாள். மணிமேகலையும் பின்னர் வஞ்சிநகர் சென்று கண்ணகியின் படிமத்தைத் தாயென்றே தொழுகிறாள். எம் இலக்கியத்தில் சக்களத்திகள் பலர் உளர். இப்படி ஒருத்தி சொன்ன இடம் வேறு எமக்கு நினைவில் இல்லை.

மாணவியின் கேள்விக்கு வருவோம். எழுத்தில் அவர் உமக்குச் சகோதரர். உடன்பிறந்தார் என்றும் எழுதலாம். தமையனார் என்பது எல்லாவற்றினும் நன்று, ஏனெனில் அது முன்பிறந்தமையை மட்டும் சொல்கிறது, வேறொன்றையும் கேட்பதில்லை. சொற்பிறப்பை எடுத்துக்காட்டி உதரம் வேறு என்று எவரேனும் வாதிட்டால், ஒன்றுவிட்ட சகோதரர் என்று ஊரெல்லாம் வழங்குகிறதே, அங்கே உதரம் எங்கே இருக்கிறது என்று கேளும். அரைச் சகோதரர் வேண்டாம். மாற்றுச் சகோதரர் என்றொரு சொல்லை நாம் இதுவரை எவர் வாயிலும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. அந்த உறவினர் பிரித்து எழுதியது தவறாயினும், அவர் கையிலிருந்த செய்தி பொய்யன்று. ஐந்து பெயரையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, முதல் மனைவியாரைப் பற்றிப் பேசாது விட்டால், தமையனார் இருவரும் உமது தாயாரின் வயிற்றிற் பிறந்தவர்களாகக் கல்வெட்டில் நிற்பார்கள். அவர்களைப் பெற்றவர் இல்லாமற் போய்விடுவார். கிணற்றடியில் நின்றவர் எதை நினைத்து நின்றார் என்பது எமக்குத் தெரியாது; உமக்குந் தெரியாது. தம்மைப் பிரித்ததை நினைத்தும் இருக்கலாம். அத்தனை வரி எழுதிய இடத்தில் தம் தாயின் பெயர் ஒருமுறைகூட வரவில்லையே என்றும் இருக்கலாம். நகுலனைக் கேட்ட தருமன் மாத்திரிக்காக அன்றோ கேட்டான்?

ஆகவே கல்வெட்டில் வம்சாவளி வரும் பக்கத்தில், உமது தந்தையார் முதலில் இன்னாரை மணந்து இருவரையும், அவர் மறைந்தபின் இன்னாரை மணந்து மூவரையும் பெற்றார் என, இரண்டு தாய்மாரின் பெயரையும் அவரவர் பெற்றோர் பெயருடன் தெளிவாக எழுதுக. மக்கள் என்று வரும் இடத்தில் ஐந்து பெயரையும் வயது வரிசையில், அடைமொழி ஒன்றுமின்றி இடுக. அச்சகத்திலிருந்து பார்வைப் படி வரும்போது, பெரியவர்கள் கைக்குப் போகுமுன் அதனை முதலில் உமது மூத்த தமையனாரிடம் கொடுத்து, அவருடைய தாயாரின் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். அந்தப் பெயரை உமது வீட்டில் சரியாக எழுதத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.

நாள் நெருங்குவதால் இதன் சாரத்தை அஞ்சலிலும் தனியாக அனுப்பியுள்ளோம்.